சங்கமத்துக்குக் குடும்பத்தோடு ஒரு சாயங்காலம்: எங்கே போவது, எதைப் பார்ப்பது?

பொங்கலுக்கு ஊருக்குப் போகாத வருடங்களில், ஜனவரி 10 தாண்டியதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். பொங்கல் நேரத்தில் சென்னையில் நடக்கும் நாட்டுப்புறக் கலைவிழாவான சங்கமத்துக்கு இந்தத் தடவை எந்த இடத்துக்குப் போகலாம்? மகளுக்கு 4 வயது, மகனுக்கு 11. கூடவே என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. ஆனால் உருமிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கவும் முடியாது. இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சாயங்காலம் கையில் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்து யோசித்து, போய்ப் பார்த்து, சில தடவை தப்பாகத் தேர்ந்தெடுத்து, கடைசியில் எங்களுக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கியது. நடுவில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் நின்றுபோய், 2023 பொங்கலுக்குத் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை அதை ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. பொங்கலை ஒட்டிய நாட்களில், சாயங்காலத்தில், நகரத்தின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கடற்கரையிலும் ஒரே நேரத்தில் நடக்கும். பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்கள். கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கலைஞர்கள் வருகிறார்கள். இத்தனை இருப்பதுதான் சிக்கலே. ஒரே சாயங்காலத்தில் மூன்று இடம் ஓடினால் மூன்றையும் பார்த்ததாக ஆகாது, போக்குவரத்து நெரிசலைத்தான் பார்த்திருப்போம்.

முதலில் இடம்.

2023-ல் தொடக்க விழா தீவுத்திடலில் நடந்தது. அப்படிப்பட்ட பெரிய மைதானத்தில் ஒரு வசதி உண்டு: பல கலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடைக்கு வந்து போகும். ஒயிலாட்டம் எப்படி இருக்கும், தேவராட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு அது நல்ல அறிமுகம். ஆனால் சின்னப் பிள்ளையோடு போனால் மேடை எட்டாது. முன்னால் இருப்பவர்களின் முதுகும், பெரிய திரையில் ஓடுகிற படமும்தான் கிடைக்கும். என் மகள் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, டிவி எப்ப முடியும்?” என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது டிவிதான். பிள்ளைகள் 10 வயதைத் தாண்டியிருந்தால், நடந்து சுற்றத் தெம்பு இருந்தால், பெரிய மைதானம் சரி. அதற்குக் கீழே வேண்டாம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை இதற்கு நேர் எதிர். ஜனவரிக் காற்று, அலைச் சத்தம், விளக்கு வெளிச்சத்தில் கரகம். கண்ணுக்கு இதைவிட அழகான இடம் இல்லை. பிள்ளைகளுக்கு மணல் ஒன்றே போதும். ஆனால் அம்மாவால் மணலில் நடக்க முடியவில்லை. சாலையோரத் திட்டில் உட்கார்ந்து, மேளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். காணும் பொங்கல் அன்று எந்தக் கடற்கரைக்கும் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த ஒரு நாளுக்காகவே மெரினாவில் போலீஸ் குழந்தைகளின் கையில் பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறது என்றால், கூட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காக்கள்தான் எங்கள் முடிவு. தியாகராய நகர் நடேசன் பூங்கா, கே.கே. நகர் சிவன் பூங்கா, அண்ணா நகர் கோபுரப் பூங்கா மாதிரி இடங்கள். கூட்டம் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டக்காரர் பத்து பதினைந்து அடி தூரத்தில் இருப்பார். வியர்வை தெரியும், சலங்கையில் ஒரு மணி அறுந்து விழுந்தால் அது உருண்டு நம் காலடிக்கு வரும். அம்மாவுக்குச் சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. மகளுக்கு அலுத்துப் போனால் பக்கத்திலேயே ஊஞ்சல். கோபுரப் பூங்காவுக்கு வாசலிலேயே மெட்ரோ நிலையம், அதனால் வண்டி நிறுத்த இடம் தேடும் கவலையும் இல்லை. நடேசன் பூங்காவுக்கு அந்த வசதி இல்லை. பொங்கல் நேரத்துத் தியாகராய நகரில் காரை எடுத்துக்கொண்டு போவது பெரிய தவறு, ஒரு தடவை செய்துவிட்டோம். எந்தெந்த இடங்கள் என்பது வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். கிளம்பும் முன் அந்த வருடத்துப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இடம் முடிவானால் அடுத்த கேள்வி, எந்தக் கலைக்கு முன்னால் போய் உட்காருவது. குழுக்கள் இடம் மாறி மாறி ஆடும் என்பதால், பூங்காவின் பெயரை மட்டும் பார்க்காமல் அன்றைக்கு அங்கே என்ன ஆட்டம் என்றும் பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பலரும் பொய்க்கால் குதிரையைத்தான் சொல்வார்கள். குதிரை, ராஜா, ராணி, பளபளப்பு. மயிலாட்டம், மாடாட்டம் எல்லாம் அந்த வரிசைதான். பார்த்தவுடன் பிடித்துப் போகும், அதில் சந்தேகமில்லை. மகளும் கை தட்டினாள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவள் நிற்கவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தேன். அதில் கதை இல்லை. ஆட்டக்காரர் கட்டைக்காலில் நின்று, குதிரைக் கூட்டை இடுப்பில் சுமந்துகொண்டு அத்தனை லாகவமாக ஆடுகிறாரே என்ற வியப்பு பெரியவர்களுக்குத்தான் வரும். அந்த வயதுக்கு அது வெறும் குதிரை.

தோல்பாவைக் கூத்து அப்படி இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தாண்டித்தான் போகின்றன. சின்னதாக ஒரு வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்றே தெரியாது. பக்கத்தில் தவில் முழங்கும்போது யார் அங்கே போவார்கள்? ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால், ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகள் அந்தத் துணியில் வண்ணம் வண்ணமாக உயிர் பெற்று நிற்கும். ராமன், சீதை, அனுமன், ராவணன் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார். பாவைகளை ஆட்டுவதும் அவரேதான். கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் மண்டிகர் என்ற மராத்தி பேசும் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கலை இது. வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ்.

பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது ராமாயணம் அல்ல, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்தான். ராமாயணத்தில் இல்லாத இரண்டு கோமாளிகள். கதைக்கு நடுவே வந்து சண்டை போடுவார்கள், அடித்துக்கொள்வார்கள், அன்றைய விலைவாசி வரை பேசுவார்கள். என் மகள் முழுதாக அரை மணி நேரம் அசையாமல் இருந்தது அங்கேதான். முடிந்ததும் கேட்டுப் பாருங்கள், கூட்டம் இல்லையென்றால் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் விட்டுக் காட்டுவார்கள். எங்களுக்குக் காட்டினார்கள். அனுமன் பாவையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் பெரிதாகும், துணியோடு ஒட்டினால் சின்னதாகிக் கூர்மையாகும் என்று மகனே கண்டுபிடித்தான். வீட்டுக்கு வந்து வேட்டியும் டார்ச் லைட்டும் வைத்து இரண்டு நாள் கூத்து நடந்தது.

ஒரு எச்சரிக்கை. பூங்காவின் பெரிய விளக்குகள் பக்கத்தில் எரிந்தால் பாவையின் நிறம் வெளுத்துப்போகும். நன்றாக இருட்டின பிறகு நடக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கவாட்டில் இல்லாமல் திரைக்கு நேர் எதிரே, முன்வரிசையில் உட்காருங்கள். இருட்டைக் கண்டால் பயப்படும் பிள்ளை என்றால் பொம்மலாட்டம் நல்லது. கும்பகோணம் பக்கத்து மரப்பாவைகள் சில நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் இருக்கும். ஆட்டுபவர் தலையில் ஒரு வளையத்தை மாட்டி, அதிலிருந்து தொங்கும் கயிறுகளாலும் கையில் உள்ள கம்பிகளாலும் அவற்றை ஆட்டுவார். வெளிச்சத்திலேயே பார்க்கலாம். எனக்குத் தோல்பாவைதான் ஒரு படி மேல்.

11 வயதுக்கு வருவோம். இந்த வயதில் கதை சொல்லி உட்கார வைக்க முடியாது. அவனுக்குத் தன் உடம்பால் செய்ய முடியுமா என்று தோன்ற வேண்டும். சிலம்பம், மல்லர் கம்பம், பறை. இந்த மூன்றில் எது?

மல்லர் கம்பத்தில் ஏறுபவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். தன் வயதுப் பையன் கம்பத்தின் உச்சியில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து மகன் வாய் பிளந்தான். சிலம்பமும் அப்படியே, ஆனால் கம்பு வீச்சுக்குக் கிட்டே போக விட மாட்டார்கள், விடவும் கூடாது. இரண்டும் பார்க்க அருமை. ஆனாலும் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

பறைக்கு முன்னாலும் பின்னாலும் பார்க்க நிறைய இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். மேடைக்குப் பின்பக்கம் ஒரு மூலையில் காகிதத்தையும் வைக்கோலையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மாட்டுத்தோல் பனியில் தளர்ந்திருக்கும். சூடு பட்டதும் விறைத்து, தட்டினால் ‘டங்’ என்று பேசும். மூன்று மரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்த சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல், ஒரு கையில் நீளமான மெல்லிய சுண்டுகுச்சி, இன்னொரு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. இவ்வளவையும் ஒரு கலைஞர் மகனுக்குப் பொறுமையாக விளக்கினார். தானாகத் தொடவில்லை, தொடலாமா அண்ணா என்று கேட்டான். அவர் தன் தோளிலிருந்து கழற்றி அவன் தோளில் மாட்டிவிட்டார். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இரண்டு அடி அடித்தான். அப்புறம் ஆட்டம் தொடங்கியதும் அவன் கேட்ட விதமே வேறு. அந்த அடியில் எது எந்தக் குச்சி என்று பிரித்துச் சொன்னான். பறையை ஒதுக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது என்பதையும், அதை வாசித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியதையும் அன்று ராத்திரி அவனிடம் சொன்னேன். கையில் வாங்கிப் பார்த்த பிறகு சொன்னதால் அவனுக்கு அது உறைத்தது.

ஆனால் சத்தம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 100 டெசிபல் சத்தத்தில் பெரியவர்களுக்கே 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது வேலையிடங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பறையும், துடும்பு என்ற பெரிய மேளமும் கிட்டத்தில் அந்த அளவைச் சுலபமாகத் தொடும், அதன் மேல் ஒலிபெருக்கி வேறு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும், அதனால் பத்து அடியிலிருந்து நாற்பது அடிக்குப் போனாலே பெரிய வித்தியாசம். ஒலிபெருக்கிக் கோபுரத்தின் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். மகளுக்குக் காதை முழுதாக மூடும் காதுமூடி வாங்கி வைத்திருக்கிறோம். முதல் வருடம் அது இல்லாமல் போய், துடும்பாட்டம் தொடங்கிய நொடியில் அவள் அழுது நாங்கள் எல்லோரும் கிளம்ப வேண்டியதாயிற்று. கைக்குழந்தை இருக்கிறது என்றால் பறை, துடும்பு, மேளத்தோடு ஆடும் ஜிக்காட்டம் மூன்றையும் தூரத்திலிருந்து கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு எது என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. மனைவி திருவண்ணாமலை பக்கம், அவளுக்குத் தெருக்கூத்து. அம்மா திருநெல்வேலி, அவருக்கு வில்லுப்பாட்டு. இரண்டும் விடிய விடிய நடக்க வேண்டியவை. சங்கமத்தில் இரண்டுக்குமே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தச் சுருக்கத்தை எது தாங்குகிறது என்று பார்த்தால், நான் அம்மா பக்கம். தெருக்கூத்தில் கதையை அறிமுகப்படுத்தும் கோமாளியான கட்டியக்காரன் வந்து பேசி, திரை பிடித்து வேஷம் நுழைந்து, கிரீடமும் புஜக்கட்டையும் சுழல ஒரு சுற்று ஆடி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. துச்சாதனன் திரௌபதியிடம் வருவதற்குள் அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் கூத்து இருக்கிற நாளில் பிள்ளைகளை ஆட்டத்தைவிட ஒப்பனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மனிதர் முகத்தில் அரிதாரம் பூசிக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கனாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்கு, அப்புறம் அந்த அரக்கன் உறுமிக்கொண்டு வந்தாலும் பயம் வராது.

வில்லுப்பாட்டில் கதையைப் பாடிச் சொல்லும் புலவர் நேரத்தைப் பார்த்துக் கதையைச் சுருக்கவோ நீட்டவோ முடியும். மணிகள் கட்டிய நீளமான வில், அதை அடிக்கும் வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. குடத்தின் வாயில் பத்தி என்ற தட்டையான மட்டையால் அடித்து எழுப்பும் அந்தக் கும்மென்ற சத்தத்துக்கு என் மகள் அப்படியே மயங்கிவிட்டாள். ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போடும்போது நாமும் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது ‘ஆமா’விலேயே எங்கள் வரிசை முழுக்கப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டன. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் கோயில் திருவிழாவான கொடை நடக்கும்போது அவருடைய அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டாராம். அன்றைக்குக் கதை பாதியில் முடிந்தது. “ஆச்சி, அப்புறம் என்ன ஆச்சு?” என்று மகன் கேட்டான். “வால, சொல்லுதேன்” என்று சொல்லி, மெட்ரோவில் வீடு வரும் வரைக்கும் மீதிக் கதையை அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டும் சேர்த்து.

பார்ப்பதா, கூட ஆடுவதா என்பது இன்னொரு தேர்வு. சில குழுக்கள் கடைசிப் பாட்டுக்குக் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளும். கும்மி என்றால் தயங்காமல் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். கைதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். இரண்டு சுற்றில் தாளம் பிடிபட்டுவிடும். ஒயிலாட்டத்துக்குக் கால்வரிசை தெரிய வேண்டும், பெரிய பிள்ளைகள் வரிசைக் கடைசியில் நின்று பார்த்துப் பார்த்து ஆடலாம். கோலாட்டத்தில் மட்டும் சின்னதுகளைச் சேர்க்க வேண்டாம், கூட்டத்தில் குச்சி கண்ணில் பட்டுவிடும்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பல ஊர்ப் பண்டமும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் ஆட்டம் போய்விடும். ஆறு மணிக்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு உட்காருவதுதான் சரி. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருடம் அந்தக் கடைக் கூட்டத்தில்தான் மகள் ஐந்து நிமிடம் காணாமல் போனாள். பலூன்காரர் பின்னால் போயிருந்தாள். அந்த ஐந்து நிமிடத்தை இன்னும் நினைக்க முடியவில்லை. இப்போது போலீஸ் பட்டைக்குக் காத்திருப்பதில்லை, எங்கே போனாலும் அவள் கையில் பேனாவால் என் எண்ணை எழுதிவிடுகிறோம்.

எந்த நாள்? போகி அன்று காற்றில் புகை இருக்கும், மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. காணும் பொங்கலை முன்பே சொல்லிவிட்டேன். பொங்கல் அன்று சாயங்காலம் பலரும் வீட்டு விருந்தில் இருப்பார்கள், பூங்காவில் நல்ல இடம் கிடைக்கும். எங்கள் நாள் அதுதான்.

டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசைவிழாவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கானா, ஒப்பாரி, பறை எல்லாம் முழு மரியாதையோடு மேடை ஏறுவது அங்கே. பாட்டின் வரிகளைக் கேட்டு யோசிக்கிற வயதுப் பிள்ளை என்றால் அதற்கும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அது ஓரிடத்தில் இருந்து கேட்கிற நிகழ்ச்சி. 4 வயதுக்கு மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற சுதந்திரம் வேண்டும். மகனை மட்டும் இந்த டிசம்பரில் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

வரும் பொங்கலுக்கு எங்கள் திட்டம் இதுதான். கோபுரப் பூங்கா, மெட்ரோவில். ஐந்தரைக்குள் உள்ளே. முதலில் பறை காய்ச்சும் இடம், அப்புறம் நாற்பது அடி தள்ளி நின்று ஆட்டம், இருட்டினதும் தோல்பாவை, அது இல்லையென்றால் வில்லு. எட்டரைக்குக் கிளம்பிவிட வேண்டும், அதற்குமேல் மகள் தோளில் தூங்கிவிடுவாள். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று, மகளுக்குக் காதுமூடி, ஒரு போர்வை, தண்ணீர். போன தடவை அந்தப் பறைக்காரரோடு எடுத்த படத்தை அச்சுப் போட்டு வைத்திருக்கிறான் மகன். அவர் இந்த வருடமும் வந்தால் கையில் கொடுக்க வேண்டுமாம்.